பெயரைத் தொலைக்கப் புறப்பட்ட கர்னல்

நம் ஊரில் ஒரே தெருவில் மூன்று முருகேசன் இருந்தால் என்ன செய்கிறோம்? ஒருவர் நெட்டை முருகேசன். இன்னொருவர் மளிகைக்கடை முருகேசன். மூன்றாமவர் பட்டாளத்து முருகேசன். பெற்றோர் வைத்த பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கும். ஊர் வைத்த பெயர்தான் கடைசிவரை நிற்கும்.

பட்டாளத்தில் இந்தப் பழக்கம் இன்னும் அதிகம். முதல் உலகப் போரில் ஆங்கிலேயச் சிப்பாய்க்கு "டாமி" என்று பெயர். ஆஸ்திரேலியச் சிப்பாய்க்கு "டிக்கர்". டிக்கர் என்றால் மண் தோண்டுகிறவன். ஆங்கிலேய விமானப்படையின் கடைசிப் படியில் இருப்பவனுக்கு "எர்க்". மோட்டார் சைக்கிளில் அவசரக் கடிதம் கொண்டுபோகிறவனுக்கு "டான் ஆர்".

இப்படிப் பட்டப்பெயர்கள் புழங்கிய கூடாரங்களில் ஒரு மனிதர் படுத்து எழுந்தார். அவர் ஒரு கர்னல். உலகம் முழுவதும் தெரிந்த வீரர். ஆனால் யாருக்கும் தெரியாமல், பொய்ப் பெயர் கொடுத்து, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்திருந்தார்.

அவர்தான் "அரேபியா லாரன்ஸ்". அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது.

கடன் வாங்கிய பெயர்

தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ் 1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ந் தேதி வேல்ஸ் நாட்டில் டிரமடாக் என்ற சிற்றூரில் பிறந்தார். வீட்டில் அவரை "நெட்" என்று கூப்பிட்டார்கள்.

லாரன்ஸ் என்பது அவருடைய தகப்பனாரின் பெயரே அல்ல. தகப்பனாரின் உண்மைப் பெயர் தாமஸ் சாப்மன். அயர்லாந்தில் நிலபுலன்கள் உள்ள பெரிய குடும்பம். மனைவி உண்டு. நான்கு பெண் குழந்தைகளும் உண்டு. அந்தக் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள சாரா என்ற பெண் வேலைக்கு வந்தாள். சாப்மன் அவள்மீது காதல் கொண்டார். வீட்டையும் சொத்தையும் விட்டு அவளோடு வெளியேறினார். மனைவி விவாகரத்துக் கொடுக்கவில்லை. எனவே சாராவை முறைப்படி மணக்க முடியவில்லை. இருவரும் "லாரன்ஸ்" என்று பெயர் வைத்துக்கொண்டு, ஊர் ஊராக மாறி, கடைசியில் ஆக்ஸ்போர்டு நகரில் குடியேறினார்கள். ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். நம் கதாநாயகர் இரண்டாமவர்.

இந்த ரகசியம் சிறுவயதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் பெயர் தன்னுடையது அல்ல என்ற எண்ணம் அப்போதே மனதில் விழுந்தது. பிற்காலத்தில் சட்டையைக் கழற்றுவதுபோல் அவர் பெயரைக் கழற்றிப் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

லாரன்ஸ் குள்ளமானவர். ஐந்தடி ஐந்து அங்குலம். 1962-ல் வந்த பிரபல சினிமாவில் அவராக நடித்த பீட்டர் ஓடூல் ஆறடிக்கு மேல் உயரம்! உடம்பு சிறியதானாலும் உறுதி அதிகம். கல்லூரியில் படித்தபோது, 1909-ம் ஆண்டு கோடையில், பழைய கோட்டைகளைப் பார்க்க சிரியா நாட்டில் சுமார் ஆயிரம் மைல் கால்நடையாகவே திரிந்தார். படிப்பு முடிந்ததும் கார்க்கமிஷ் என்ற இடத்தில் புதைபொருள் ஆராய்ச்சி. அங்கே கூலிக்காரர்களோடு பழகி அரபு மொழியை நன்றாகக் கற்றுக்கொண்டார்.

வாயில் நுழையாத பெயர்

1914-ல் உலகப் போர் வந்தது. துருக்கி ஜெர்மனியின் பக்கம் சேர்ந்தது. அரபு நாடுகள் துருக்கியின் ஆட்சியில் இருந்தன. 1916-ல் அரபு மக்கள் துருக்கியை எதிர்த்துக் கிளம்பினார்கள். அவர்களுக்கு உதவ ஆங்கிலேயர் அனுப்பிய அதிகாரிகளில் லாரன்சும் ஒருவர். இளவரசர் பைசலுக்கு அவர் ஆலோசகர் ஆனார்.

அரபு உடை அணிந்தார். ஒட்டகம் ஏறினார். அவர்கள் உண்டதை உண்டார். அரபுகளுக்கு "லாரன்ஸ்" என்று சொல்ல வரவில்லை. "அவுரன்ஸ்" என்றார்கள். துருக்கியரின் ரெயில் பாதைக்கு அவர் ஓயாமல் வெடி வைத்ததால், "டைனமைட் அமீர்" என்று அழைத்ததாகவும் சொல்வார்கள்.

1917-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி அக்காபா துறைமுகம் அரபுகள் கைக்கு வந்தது. கடல் வழியாக அல்ல. கொடிய பாலைவனத்தைக் கடந்து, நிலத்தின் பக்கமிருந்து போய்ப் பிடித்தார்கள். அவுடா என்ற வீரத் தலைவனும் லாரன்சும் சேர்ந்து செய்த காரியம் அது. 1918 அக்டோபர் 1-ந் தேதி டமாஸ்கஸ் நகரமும் வீழ்ந்தது.

வெற்றிதான். ஆனால் லாரன்சின் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. போர் முடிந்ததும் அரபுகளுக்குச் சுதந்திரம் என்று ஆங்கிலேயர் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதை நம்பித்தான் அரபுகள் உயிரைக் கொடுத்தார்கள். ஆனால் அந்த நாடுகளைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ள இங்கிலாந்தும் பிரான்சும் 1916-லேயே ரகசிய ஒப்பந்தம் செய்திருந்தன. போர் நடக்கும்போதே லாரன்சுக்கு இது தெரியும். தெரிந்தும், நம்பியவர்களின் முகத்தைப் பார்த்து, முன்னே செல்லுங்கள் என்று சொன்னார்.

அந்தப் பாரம் அவரை விட்டு இறங்கவே இல்லை. 1918 அக்டோபர் 30-ந் தேதி அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பதக்கம் கொடுக்க வந்தபோது, வேண்டாம் என்று மன்னரிடமே மறுத்துவிட்டார். பைசலை டமாஸ்கசிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் 1920-ல் விரட்டினார்கள். சர்ச்சில் மந்திரியாக இருந்தபோது லாரன்ஸ் கூட இருந்து பாடுபட்டார். 1921-ல் பைசல் ஈராக்கின் மன்னர் ஆனார். பாதி ஆறுதல்.

இதற்கிடையில் லோவெல் தாமஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர் லாரன்சின் படங்களைத் திரையில் காட்டி, கதை சொல்லி, லண்டன் நகரையே மயக்கினார். லட்சக்கணக்கானவர் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். தெருவில் போனால் கூட்டம் கூடியது. தான் வெட்கப்பட்ட ஒரு காரியத்துக்காக ஊரே கைதட்டினால் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும்?

சிப்பாய் ராஸ்

1922 ஆகஸ்டு மாதம். லண்டனில் விமானப்படைக்கு ஆள் எடுக்கும் ஆபீசுக்கு ஒரு குள்ள மனிதர் வந்தார். பெயர் ஜான் ஹ்யூம் ராஸ் என்றார். அங்கே இருந்த அதிகாரிக்குச் சந்தேகம் தட்டியது. பெயர் பொய் என்று கண்டுபிடித்து, திருப்பி அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அதே ஆள் மேலிடத்து உத்தரவோடு திரும்பி வந்தார்! அந்த அதிகாரியின் பெயர் டபிள்யூ. இ. ஜான்ஸ். பிற்காலத்தில் "பிக்கிள்ஸ்" என்ற விமானியின் சாகசக் கதைகளை எழுதிப் புகழ் பெற்றவர் அவரேதான்.

கர்னல் லாரன்ஸ் மறைந்தார். 352087-ம் நம்பர் சிப்பாய் ராஸ் பிறந்தார்.

தரை கழுவினார். குப்பை அள்ளினார். கூடாரத்தில் கூட இருந்தவர்கள் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. ராஸ் அதையெல்லாம் ஒதுக்கவில்லை. இரவில் போர்வைக்குள் உட்கார்ந்து குறிப்பு எடுத்தார். அவர்களின் கேலி, வசவு, பட்டப்பெயர், அழுகை எல்லாம் அதில் பதிவாகின. அந்தக் குறிப்புகள்தான் பின்னால் "தி மின்ட்" என்ற புத்தகம் ஆயின. மின்ட் என்றால் நாணயம் அடிக்கும் சாலை. உலோகத்தைத் தட்டி ஒரே மாதிரி நாணயம் அடிப்பதுபோல் மனிதனைத் தட்டிச் சிப்பாய் ஆக்குகிறார்கள் என்பது கருத்து. அவர் இறந்து இருபது ஆண்டு கழித்து, 1955-ல்தான் அது கடைக்கு வந்தது. அப்போதும் சிப்பாய்களின் கெட்ட வார்த்தைகளை நீக்கித்தான் போட்டார்கள். முழுப் புத்தகமும் எல்லோருக்கும் கிடைத்தது 1973-ல்.

நான்கே மாதத்தில் குட்டு வெளிப்பட்டது. 1922 டிசம்பரில் ஒரு பத்திரிகை, முடிசூடா மன்னர் சிப்பாயாக இருக்கிறார் என்று முதல் பக்கத்தில் போட்டது. 1923 ஜனவரியில் விமானப்படை அவரை வெளியேற்றியது.

விட்டாரா? மார்ச் மாதமே டாங்கிப் படையில் சேர்ந்தார். இந்தத் தடவை பெயர் டி. இ. ஷா. எழுத்தாளர் பெர்னார்ட் ஷாவும் அவர் மனைவியும் லாரன்சின் நெருங்கிய நண்பர்கள். அதனால் அந்தப் பெயர் என்று பலரும் நினைத்தார்கள். அப்படி இல்லை, ஏதோ கைக்கு அகப்பட்ட பெயர் என்று லாரன்ஸ் சொல்லி வந்தார்.

இடியின் புதல்வன்

டாங்கிப் படை முகாம் இருந்த இடம் தென் இங்கிலாந்தில் பொவிங்டன். அங்கே அவருக்கு இரண்டு ஆறுதல்கள். ஒன்று, பக்கத்தில் கிளவுட்ஸ் ஹில் என்ற சிறு குடிசை வீடு. இரண்டாவது, அவருடைய மோட்டார் சைக்கிள்.

சாதாரண வண்டி அல்ல. "பிரஃப் சுப்பீரியர்". நாட்டிங்ஹாம் நகரில் ஜார்ஜ் பிரஃப் என்பவர் செய்த வண்டி. வாங்குகிறவரின் உயரத்துக்கும் கைக்கும் தக்கபடி செய்து கொடுப்பார்கள். "மோட்டார் சைக்கிள்களில் ரோல்ஸ் ராய்ஸ்" என்று அதற்குப் பட்டப்பெயர். அதன் உயர்ந்த ரகம் மணிக்கு நூறு மைல் ஓடும் என்று உத்தரவாதம் கொடுத்தே விற்றார்கள். அந்தக் காலத்தில் நூறு மைல்!

முகாமில் ஷா என்ற சிப்பாய் யார், எங்கிருந்து வந்தான் என்று பலருக்குக் கவலை இல்லை. ஆனால் அவன் வண்டியைப் பார்த்துவிட்டார்கள். சிப்பாய்கள் கூடிப் பேர் சூட்டினார்கள். "பிரஃபி ஷா"! நம்மூர் பாணியில் சொன்னால், புல்லட் ஷா.

மன்னர் கொடுத்த பட்டத்தை மறுத்தவர் இந்தப் பட்டத்தை மறுக்கவில்லை.

தம் வண்டிக்கு அவர் வைத்த பெயர் "பொவனெர்கேஸ்". இது பைபிளில் வரும் பெயர். ஏசுநாதர் தம் சீடர்களில் யாக்கோபு, யோவான் என்ற இரு சகோதரர்களுக்கு வைத்த பட்டப்பெயர் அது. பொருள், இடியின் புதல்வர்கள். வண்டியைக் கிளப்பினால் எழும் சத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? ஒரு வண்டி தேய்ந்ததும் அடுத்தது வாங்குவார். அவற்றுக்கு ராஜாக்களைப்போல் நம்பரும் கொடுத்தார். முதலாம் ஜார்ஜ், இரண்டாம் ஜார்ஜ் என்று ஏழாம் ஜார்ஜ் வரை போனது. வண்டி செய்தவர் பெயரும் ஜார்ஜ், நாட்டு மன்னர் பெயரும் ஜார்ஜ். மன்னர் ஐந்தாம் ஜார்ஜோடு நின்றிருந்தபோது மோட்டார் சைக்கிள் ஏழாம் ஜார்ஜை எட்டிவிட்டது!

ஆனாலும் டாங்கிப் படை அவருக்கு ஒத்துவரவில்லை. விமானப்படைதான் வேண்டும் என்று ஏங்கினார். உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாக ஒரு நண்பருக்கு எழுதும் அளவுக்கு மனம் உடைந்தது. நண்பர்கள் பதறினார்கள். எழுத்தாளர் ஜான் பக்கன் பிரதம மந்திரி பால்ட்வினிடம் பேசினார். 1925 ஆகஸ்டில் ஷா மறுபடியும் விமானப்படைக்கு வந்தார். நம்பர் 338171.

கிரான்வெல் முகாமில் இருந்தபோது நடந்த ஒரு பந்தயத்தை அவரே எழுதியிருக்கிறார். மாலையில் வேலை முடிந்து பொவனெர்கேசில் கிளம்பினார். மேலே ஒரு பிரிஸ்டல் விமானம் பறந்தது. விமானி கையை ஆட்டிக் கூப்பிட்டார். கீழே ஷா விசையைத் திருகினார். மேலே விமானம், கீழே வண்டி. கண்ணில் நீர் வழிய, மேடு பள்ளத்தில் வண்டி துள்ள, அன்றைக்கு முந்தியது மோட்டார் சைக்கிள்தான். திரும்பும்போது கூட்டாளிகளுக்குத் தின்பண்டம் வாங்கி வருவார்.

1922-லிருந்து 1926-க்குள் ஐந்து பிரஃப் வண்டிகளில் ஒரு லட்சம் மைல் ஓட்டியதாக அவர் ஜார்ஜ் பிரஃபுக்குக் கடிதம் எழுதினார். அதோடு வண்டியை விட்டுப் பிரிய வேண்டி வந்தது. கப்பல் காத்திருந்தது. போக வேண்டிய இடம், இந்தியா.

கராச்சியில் ஒரு குமாஸ்தா

1927 ஜனவரியில் கராச்சி வந்து சேர்ந்தார். அப்போது கராச்சி பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது. 1947-க்குப் பிறகு பாகிஸ்தானில். எஞ்சின் பழுது பார்க்கும் பகுதியில் குமாஸ்தா வேலை. ஊருக்குள் போகவே மாட்டார். அந்த ஆண்டிலேயே ஷா என்ற பெயரைச் சட்டப்படி பதிவு செய்துகொண்டார்.

1928-ல் ஆப்கானிஸ்தான் எல்லைக்கு அருகே மீரான்ஷா கோட்டைக்கு மாற்றினார்கள். சுற்றிலும் முள்வேலி. உட்கார்ந்து கிரேக்க காவியமான "ஒடிசி"யை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஆப்கானிஸ்தானில் அமானுல்லா மன்னருக்கு எதிராகக் கலகம் மூண்டது. உடனே பத்திரிகைகள் கதை கட்டின. லாரன்ஸ் வேஷம் போட்டுக்கொண்டு கலகத்தைத் தூண்டுகிறாராம்! கோட்டையில் எழுதிக்கொண்டிருந்த மனிதரை 1929 ஜனவரியில் அவசரமாக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பெயர் அவரைத் துரத்திக்கொண்டேதான் இருந்தது.

கடைசி ஆறு ஆண்டுகள் பெரும்பாலும் கடலோரம் கழிந்தன. 1931-ல் அவர் கண்ணெதிரே ஒரு விமானம் கடலில் விழுந்தது. மீட்கப்போன படகுகள் மெதுவாக ஊர்ந்தன. அதன் பிறகு அதிவேக மீட்புப் படகுகளைச் செய்து பார்ப்பதில் இறங்கினார். கையில் எண்ணெய்க் கறையோடு அவர் சந்தோஷமாக இருந்த காலம் இது. நாடக ஆசிரியர் நோயல் கவர்டு அவருக்கு எழுதிய கடிதத்தில் பெயருக்குப் பதில் நம்பரைப் போட்டு, பழகிவிட்டதால் முதல் மூன்று எண்ணை மட்டும் சொல்லி அழைக்கலாமா என்று வேடிக்கையாகக் கேட்டார். நம்பருக்கே பட்டப்பெயர்!

மே 13

1935-ம் ஆண்டு தொடக்கத்தில் பட்டாள வாழ்க்கை முடிந்தது. கிளவுட்ஸ் ஹில் வீட்டுக்கு வந்தார். வயது 46.

மே மாதம் 13-ந் தேதி காலை. எழுத்தாளர் ஹென்றி வில்லியம்சன் பார்க்க வருவதாக எழுதியிருந்தார். சாப்பிட வாருங்கள் என்று தந்தி கொடுக்க, ஏழாம் ஜார்ஜில் ஏறி பொவிங்டன் தபாலாபீசுக்குப் போனார். தந்தி கொடுத்தார். திரும்பினார்.

சாலையில் ஒரு பள்ளம். இறங்கி ஏறும் இடத்தில் எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது. அங்கே இரண்டு பையன்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். ஷா வண்டியை ஒடித்துத் திருப்பினார். தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. தலையில் ஒன்றும் அணிந்திருக்கவில்லை. அந்தக் காலத்தில் யார் அணிந்தார்கள்? பந்தயம் ஓட்டுகிறவர்கள்தான்.

முகாம் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்தார். 19-ந் தேதி இறந்தார். இரண்டு நாள் கழித்து மோர்ட்டன் கிராமத்தில் அடக்கம். சர்ச்சில் வந்திருந்தார். பிணப்பெட்டியைச் சுமந்தவர்களில் கர்னலும் உண்டு. சாதாரணச் சிப்பாயும் உண்டு. எட்டாவது பிரஃப் வண்டிக்கு அவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

கல்லறையில் டி. இ. லாரன்ஸ் என்று செதுக்கியிருக்கிறார்கள். ராஸ் இல்லை. ஷாவும் இல்லை.

ஒரு டாக்டரின் கணக்கு

அவரைக் காப்பாற்ற வரவழைக்கப்பட்ட டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். மூளை அறுவை நிபுணர். எதுவும் செய்ய முடியவில்லை. கெய்ர்ன்சுக்கு அது மறக்கவில்லை.

நான்கு ஆண்டில் இரண்டாம் உலகப் போர் வந்தது. ராணுவத்தில் கடிதம் சுமக்கும் "டான் ஆர்"கள் விளக்கில்லாத சாலைகளில் இரவும் பகலும் பறந்தார்கள். ("டி" எழுத்தை "டான்" என்பது அக்கால ராணுவத் தந்திக்காரர்களின் வழக்கம். டெஸ்பாட்ச் ரைடர் என்பதன் முதலெழுத்துகளே டான் ஆர்.) விபத்துகள் குவிந்தன. கெய்ர்ன்ஸ் கணக்கு எடுத்தார். போரின் முதல் 21 மாதத்தில் இங்கிலாந்தின் சாலைகளில் மோட்டார் சைக்கிளில் போய் இறந்தவர்கள் 2,279 பேர். அவர் பார்த்த தலைக்காயங்களில், கவசம் அணிந்திருந்தவர்கள் ஏழே பேர். அந்த ஏழு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

1941 அக்டோபரில் இதை மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். அடுத்த மாதமே ராணுவம் உத்தரவு போட்டது. வேலையில் இருக்கும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் வீரனும் தலைக்கவசம் அணிய வேண்டும். சாவு குறைந்தது. பிரிட்டனில் பொதுமக்களுக்கும் அது கட்டாயமானது 1973 ஜூன் 1-ந் தேதி. கெய்ர்ன்ஸ் அதைப் பார்க்கவில்லை, 1952-லேயே காலமானார். நம் நாட்டில் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தலைக்கவசம் அணியச் சொல்கிறது. கடைத்தெருவில் வண்டிக் கைப்பிடியில் அது தொங்குவதையும் பார்க்கிறோம்.

அந்தக் கவசத்தையும் இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்காரர்கள் சும்மா விடவில்லை. அதற்கும் ஒரு பட்டப்பெயர் வந்தது. "ஸ்கிட் லிட்" என்றார்கள். வண்டி சறுக்கினால் மண்டைக்கு மூடி என்று அர்த்தம்.